வெர்னா ஊற்றி வைத்த கிளாஸ்

எஃகு ஆலையின் மூன்றாம் கேட்டுக்கு நேர் எதிரே இருந்த மதுக்கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தேவையும் இல்லை. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவன் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் அதன் கதவில்தான் போய் முட்டுவான். சபோல் கடை என்று ஊரில் எல்லோரும் சொல்வோம். சபோல் என்பவன் கல்லீரல் வீங்கிச் செத்துப் போய் வெகு காலமாகிறது. கடையை நடத்தியவள் அவன் மனைவி வெர்னா.

புருஷனைக் குடி கொன்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். அதனால் ஒரு சொட்டுகூட நாக்கில் பட விட்டதில்லை. அப்புறம் எப்படிக் கடை நடத்துகிறாய் என்று யாராவது கேட்டால், "ஊத்துறது என் வேலை, குடிக்கிறது அவங்க பாடு" என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள். பேசவும் நேரம் இருக்காது. ஒரே சமயத்தில் கடை கொள்ளாத கூட்டம் உள்ளே வந்து விழும். அத்தனை பேருக்கும் உலைச் சூட்டில் வறண்ட தொண்டை. ஒவ்வொருவனாகக் கேட்டு, ஒவ்வொருவனுக்காக ஊற்றிக்கொண்டிருந்தால் கடைசி ஆளுக்குக் கிடைப்பதற்குள் அடுத்த ஷிப்டே முடிந்துவிடும்.

அதற்காகத்தான் அந்த வழக்கம். ஆற்றங்கரை நெடுக எல்லா ஆலை வாசலிலும் அது உண்டு. ஆலைச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் வெர்னா கவுண்டரின் நீள மேடை முழுக்கச் சின்ன கிளாஸ்களை வரிசையாக வைத்து ரை விஸ்கி ஊற்றிவிடுவாள். பக்கத்தில் ஒரு பீர். யார் எங்கே நிற்பான், எது குடிப்பான் என்பதெல்லாம் அவள் கைக்கு மனப்பாடம். சங்கு ஊதும், கதவு திறக்கும், அவனவன் தன் இடத்தில் போய் நின்று எடுத்துக் குடிப்பான். கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. லீவில் போனவனுடைய கிளாஸைக் கவிழ்த்து வைப்பாள். செத்துப் போனவனுடைய கிளாஸையும் ஒரு மாதம் அப்படியே கவிழ்த்து வைத்திருந்து, பிறகு அந்த இடத்தை வேறு ஒருவனுக்குக் கொடுப்பாள்.

குடிக்கிற விதத்தை வைத்தே ஆள் என்ன வேலை பார்க்கிறான் என்று சொல்லிவிடலாம். உலைக்காரன் பீரை முதலில் குடிப்பான், விஸ்கியைப் பிறகு தொடுவான். ஆறியும் ஆறாத உலைக்குள் இறங்கிச் செங்கல் அடுக்கும் கொத்தனார் இரண்டு பீர் உள்ளே போகும் வரை வாயே திறக்க மாட்டான். தண்டவாளத்தில் வேலை செய்பவன் கதவுப் பக்கமே நிற்பான், அவனுக்கு எப்போதும் ஓட்டம்தான். கிரேன்காரர்கள் ஜன்னல் ஓரத்தில் நிற்பார்கள். கூரைக்கு அருகே ஒரு பெட்டிக்குள் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து, கீழே ஆட்கள் நடமாட, தலைக்கு மேல் உருகிய இரும்பைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். இறங்கி வந்ததும் அவர்களுக்கு மனிதர் முகம் பார்க்க வேண்டும்.

அந்த ஜன்னல் ஓரத்து ஆட்களில் ஒருவன் எமில் ஜூரிக். பெரிய உடம்பு, சின்னக் குரல். குடித்தால் சத்தம் போட மாட்டான், சிரிப்பான். அவன் சிரிப்பைப் பார்க்கவே மற்றவர்கள் அவனுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். நாளாக ஆக அந்தச் சிரிப்பு சீக்கிரம் வந்து, வெகு நேரம் போகாமல் நின்றது. மனைவி ரோஸ் இரண்டு முறை கடைக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

ஒரு வருஷம், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று எமில் குடியை விட்டான். அது ஒன்றும் அதிசயமில்லை. தவக்காலத்துக்கு எங்கள் ஊரில் பாதிப் பேர் விடுவார்கள், ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை வட்டியும் முதலுமாகக் குடித்துத் தீர்ப்பார்கள். வெர்னாவும் அந்தத் திங்கட்கிழமை எல்லாக் கிளாஸையும் நிமிர்த்தி நிரப்பி வைத்தாள். எல்லோரும் வந்தார்கள். எமில் வரவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஐந்தாம் கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான் என்று யாரோ சொன்னார்கள். அவள் அவன் கிளாஸை மறுபடியும் கவிழ்த்து வைத்தாள். மனசார நல்லாயிருக்கட்டும் என்று நினைத்தாள். கொஞ்சம் வெறிச்சென்றும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோடையில் ஒரு நாள் ஆறு பெருகிப் பாலத்தை மூடிவிட்டார்கள். அன்றைக்கு ஆலை மொத்தமும் மூன்றாம் கேட் வழியாகத்தான் வெளியே வந்தது. வெர்னா வரிசையை முடித்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கூட்டத்தில் எல்லோருக்கும் மேலே ஒரு தலை தெரிந்தது. எமில்! முகம் தெளிந்திருந்தது, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தான். தெருவைத் தாண்டிக் கடையைப் பார்த்துத்தான் வந்தான்.

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சொந்தத் தம்பி பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தது போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் கை அவன் கிளாஸை நிமிர்த்தியது, விளிம்பு வரை ஊற்றியது, ஜன்னல் ஓரத்தில் வைத்தது. அவள் யோசிக்கவே இல்லை. கையும் அவளைக் கேட்கவில்லை.

எமில் உள்ளே வந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கிளாஸைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

எல்லோரும் பார்த்தார்கள்.

"எனக்காகவா வெச்சிருக்கே, வெர்னா?"

அப்போதாவது அவள் அதை எடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை, "தப்பா வெச்சுட்டேன்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அசடு மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஊற்றி வைத்த கிளாஸை வேண்டாம் என்று சொல்வது எங்கள் ஊரில் நீட்டிய கையைத் தட்டிவிடுவதற்குச் சமம். எமில் யார் கையையும் தட்டி விடுகிறவன் இல்லை.

குடித்தான். கடையே கைதட்டியது.

அதற்குப் பிறகு பாலத்தைத் திறந்தும் அவன் ஐந்தாம் கேட் பக்கம் போகவில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் வேலை முடிந்து கிரேன் ஏணியில் இறங்கும்போது கை நழுவிக் கீழே விழுந்தான். ஏணிப் படியில் எண்ணெய் என்று ஆலையில் எழுதிக்கொண்டார்கள். விழுந்தவனைத் தூக்கியவர்களுக்கு அவன் மேல் என்ன வாடை வந்தது என்று தெரியும். ரோஸுக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈடு கிடைக்கட்டும் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. அடக்கம் முடிந்து மாதா கோயில் கூடத்தில் சாப்பாடு நடந்தபோது வெர்னா கொண்டுவந்த பன்றிக்கறியை எல்லோரும் புகழ்ந்தார்கள். ரோஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கடையிலதான் அவரு சந்தோஷமா இருப்பாரு" என்றாள். யாராவது திட்டியிருந்தால்கூட வெர்னா தாங்கியிருப்பாள். ஒருவர்கூடத் திட்டவில்லை.

எமில் கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு மாதம் போனது. அந்த இடத்துக்கு வால்டர் பிங்கோ என்ற புது கிரேன்காரன் வந்தான். எல்லாம் வழக்கம் போலத்தான். பிறகு ஒரு நாள் சங்கு ஊதி, ஆட்கள் வந்து, அவனவன் தன்னுடையதை எடுத்துக்கொண்ட பிறகும் மேடையில் ஒரு கிளாஸ் மிச்சம் இருந்தது. ஜன்னல் ஓரத்தில், வால்டருடையதற்குப் பக்கத்தில், விளிம்பு வரை நிரம்பி.

எண்ணிக்கை தவறிவிட்டது என்று நினைத்தாள். மறுநாள் கவனமாக ஊற்றினாள். அன்றும் ஒன்று மிச்சம். வரிசை வைக்கும்போது கண் கொட்டாமல் தன் கையையே பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போது கை ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் சங்கு ஊதும் நேரத்தில் ஜன்னலை ஒரு முறை பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் கூட்டத்தில் எல்லோருக்கும் மேலே ஒரு தலையைத் தேடுவாள். திரும்பினால் கிளாஸ் அங்கே இருக்கும்.

அதை யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். முதல் நாள் தொட்டியில் கொட்டினாள். எமிலைக் கொட்டுகிற மாதிரி இருந்தது. மறுநாள் கொட்ட மனம் வரவில்லை. ஆட்கள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். வாழ்க்கையில் முதல் முறை. தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே வலிக்கவில்லை. ஒன்றுமே வலிக்காத அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளைப் பிடித்தது.

காலைச் சங்குக்கு ஒன்று, மதியச் சங்குக்கு ஒன்று என்றுதான் ஆரம்பம். குளிர்காலம் முடிவதற்குள் சங்கு ஊதாத நேரத்திலும் எமிலுக்கு ஊற்றி, எமிலுக்காகத் தானே குடித்தாள். கவனித்தவர் யாரும் இல்லை. குடிக்கிறவர்கள் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் என்றுதானே ஊர் நினைக்கும்!

அப்போதுதான் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பையன் வந்தான். எந்தத் தொழில் செய்பவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறானாம். மரியாதையான பிள்ளை, தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான். எங்கள் ஆட்களுக்குக் கொண்டாட்டம்.

"கிரேன்காரனைக் கொறைச்சு எழுதிக்கோ தம்பி. மேல ஏறினா எறங்க முடியாது. ஒண்ணுக்கு வந்தா எங்க போவான்?" என்றான் உலைக்கார லெஸ்கோ.

"பொய் சொல்றான். கீழ எறங்கினதும் பாக்கி வெக்காமக் குடிப்பான். வால்டரைப் பாரு, தெரியும்" என்றான் கொத்தனார் அமெடியோ.

"நீ பேசாத. உன் கரணையை மோந்து பாத்தா சிமெண்டு வாசமா வருது?" என்று திருப்பிக் கொடுத்தான் லெஸ்கோ.

"யாரைப் பத்தியும் எழுத வேணாம், நேரா மாதா கோயிலுக்குப் போ. ஃபாதர்தான் தெனம் காலையில வேலை நேரத்துலயே ஒயின் குடிக்கிறாரு. அதுவும் வெறும் வயித்துல!" என்றான் கதவுப் பக்கம் நின்ற தண்டவாளக்காரன்.

பையன் சிரித்துக்கொண்டே எல்லோரையும் கேட்டு முடித்தான். கடைசியில் மேடைப் பக்கம் திரும்பினான்.

"மேடம், நீங்க? உங்க தொழிலும் எங்க கணக்குல உண்டு. நீங்க குடிப்பீங்களா?"

கடை அதிரச் சிரித்தார்கள். "வெர்னாவா? அவ தண்ணி குடிக்கிறதையே நான் பாத்ததில்ல!" என்றான் லெஸ்கோ.

அந்தக் கடையில் என்ன வேண்டும் என்றுகூட யாரும் யாரையும் கேட்டதில்லை. நீ குடிப்பாயா என்று அவளை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பையன் உண்மையிலேயே பதிலுக்காகக் காத்திருந்தான். அவள் வாய்க்குள் எமிலின் விஸ்கி அப்போதும் காரமாக இருந்தது.

"இல்ல தம்பி" என்றாள்.

அன்று முழுக்க அந்த வார்த்தை அவளை விடவில்லை. சபோலும் டாக்டரிடம் அதையேதான் சொன்னான், அதே குரலில். அவன் போன வழி அவளுக்கு ஒவ்வொரு வளைவாகத் தெரியும். அந்த வழியில் தான் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள். ரோஸிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். ரோஸ் ஒரு முறை வாய்விட்டுத் திட்டிவிட்டால் போதும், தன் கை நின்றுவிடும் என்று நம்பினாள். நிற்காவிட்டால் அடுத்த கவிழ்த்த கிளாஸ் தன்னுடையதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

மறுநாள் காலைக் கூட்டம் போனதும் கடையைப் பூட்டிக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு ஏறினாள். ஒரு சொட்டுக் குடிக்காமல் போனதில் கை நடுங்கியது. ரோஸ் சமையலறையில் மாவை வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்குப் பூரணம் வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மாதா கோயில் விற்பனைக்கு.

"உக்காரு. முகமெல்லாம் ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு?"

"ரோஸ், எமில் மறுபடி ஆரம்பிச்சது என்னாலதான். அன்னைக்கு நான் ஊத்தி வெச்சேன். அவரு கேக்கவே இல்ல."

ரோஸ் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"யார் சொன்னா?"

"அவரேதான். வெர்னா எனக்காக ஊத்தி வெச்சிருந்தா, எப்படி வேணாங்கிறதுன்னாரு. சிரிச்சுக்கிட்டே வந்தாரு." அவள் விளிம்பை விரலால் அழுத்தி ஒட்டினாள். "உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு அன்னைக்கு சந்தோஷமா இருந்துச்சு."

வெர்னாவுக்குப் புரியவில்லை.

"குடிக்காம இருந்த அத்தனை மாசமும் அந்த மனுஷன் இந்த வீட்ல ஒரு வார்த்தை பேசல. அந்த நாற்காலியில உக்காந்து கையையே பாத்துட்டிருப்பாரு. கிட்டப் போனா ஒதுங்கிக்குவாரு. அன்னைக்குத்தான் என் இடுப்பைப் பிடிச்சு இந்த அடுப்பங்கரையில சுத்தினாரு. மறுநாள் நானே போய் ஒரு பாட்டில் வாங்கி வெச்சேன். நீ ஒரு தடவை ஊத்தினே, வெர்னா. நான் தெனமும் ஊத்தினேன்."

திட்டு வாங்க வந்தவளுக்கு அது கிடைக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு ரோஸ் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அன்னைக்கு அவரு உன் கடைக்கு எதுக்கு வந்தாரு? அதை மட்டும் சொல்லவே இல்ல. உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

"சொல்ல வந்தாரு. அதுக்குள்ள கிளாஸைப் பாத்துட்டாரு."

"குடிக்கத்தான் வந்திருப்பாரு" என்றாள் ரோஸ். "அப்படித்தான் நான் நெனச்சுக்கிறேன். நீயும் அப்படியே நெனச்சுக்கோ. நீ வெச்சிருக்காட்டியும் கேட்டு வாங்கிக் குடிச்சிருப்பாரு."

அவள் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து ஒரு கிளாஸில் ஊற்றி வெர்னாவின் முன் நகர்த்தினாள். "குடி. கை நடுங்குது பாரு."

வெர்னா அதைப் பார்த்தாள். உடம்பு முழுக்க அதன் பக்கம் சாய்ந்தது. எதிரே எமிலின் மனைவி, அழுது சிவந்த கண்ணோடு, பாசமாக ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு எமில் நின்ற இடத்தில் தான் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் புரிந்தது. "வேணாம் ரோஸ்" என்று சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

"ஊத்திட்டேனே."

"வேணாம்."

ரோஸின் முகம் ஒரு நிமிஷம் கடுத்தது. பிறகு கிளாஸை எடுத்துப் பாட்டிலுக்குள்ளேயே திருப்பி ஊற்றினாள். கொஞ்சம் மேசையில் சிந்தியது, ஏப்ரனால் துடைத்தாள். வேண்டாம் என்று சொல்வது இவ்வளவுதானா என்று வெர்னா நினைத்தாள்.

பேச்சில் நேரம் போனது தெரியவில்லை. மேட்டுத் தெருவிலிருந்து இறங்கும்போதே மதியச் சங்கு ஊதிவிட்டது. ஓடிப் போய்க் கதவைத் திறந்தபோது ஆட்கள் வாசலில் குவிந்திருந்தார்கள். உள்ளே வந்து அவனவன் தன் இடத்தில் நின்றான். மேடை துடைத்த மரமாக வெறுமையாக இருந்தது.

"என்ன வெர்னா, உடம்பு சரியில்லையா?" என்றான் லெஸ்கோ.

கிளாஸ்களின் பக்கம் போன கையை அவள் இழுத்துக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கேன். யாருக்கு என்ன வேணும்? சொல்லுங்க."

"அதான் உனக்குத் தெரியுமே!"

"தெரியும். சொல்லு."

லெஸ்கோவின் முகம் சிவந்தது. இத்தனை வருஷத்தில் அவன் வாய் திறந்து கேட்டதே இல்லை. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்கால் போட்டவன் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "ஒரு ரை. ஒரு பீர்" என்றான். ஊற்றினாள். அமெடியோ ஏதோ முனகிவிட்டுக் கேட்டான். அடுத்தவன் கேட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவனாகத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். ரோஸ் சொன்னது சரிதான், எல்லோரும் கேட்டுத்தான் குடிப்பார்கள் என்று நினைத்தபோது அவள் நெஞ்சு கொஞ்சம் இளகியது. அப்படியே ஜன்னல் ஓரத்துக்கு வந்தாள்.

வால்டர் பிங்கோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் மரத்தைப் பார்த்தபடி நின்றான்.

"உனக்கு?"

அவன் யோசித்தான். அவனே ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது.

"எனக்கு ஒண்ணும் வேணாம் வெர்னா. நாள் பூரா மேல தனியா உக்காந்திருந்தேனா, யார்கிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசலாம்னுதான் வந்தேன். நீ எப்படி இருக்கே?"

அவள் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வால்டர் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினான், மனைவிக்குப் பல்வலி என்றான், தொப்பியைப் போட்டுக்கொண்டு தெளிவாக நடந்து வீட்டுக்குப் போனான். தெருவைத் தாண்டி மேட்டில் அவன் தலை மறையும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எமில் எதற்கு வந்தான் என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை ரோஸிடம் ஒருநாளும் சொல்ல முடியாது என்பதும் தெரிந்தது.